செக்குக்கு வண்டி கிடையாது

காரை விற்பது என்று போன வாரமே முடிவாகிவிட்டது. விற்கலாமா கூடாதா என்று தேவநாதனும் அம்புஜவல்லியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததெல்லாம் அதோடு ஓய்ந்தது. ஆனால் இந்தச் சனிக்கிழமை, காலைக் காபியோடு சேர்ந்து இன்னொரு சண்டை வந்தது. வண்டியைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குவதா, பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுப்பதா?

"ராஜாங்கம் ஒன்பது மணிக்கு வரார். செக்கைக் கொடுத்துட்டு வண்டியை எடுத்துட்டுப் போறார்" என்று தேவநாதன் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

அம்புஜவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"செக்கா?"

"செக்குதான். ஒன்பதாயிரத்தை மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வருவாங்களா?"

"போன வருஷம் சேலத்துக்காரர் கொடுத்தாரே, அதுவும் செக்குதான்."

தேவநாதன் காபியை மறுபடி ஆற்றத் தொடங்கினார். சேலத்துக்காரர் நாலு பெட்டி ஊறுகாய் ஜாடி வாங்கிக்கொண்டு கொடுத்த செக், கணக்கில் பணம் இல்லையென்று திரும்பி வந்தது. நேரில் கேட்கலாம் என்று இருவரும் பஸ் ஏறிப் போனபோது கடைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்தத் தண்ணீருக்காகத்தான் சேலம் வரை போனோம் என்று அம்புஜவல்லி இன்னமும் சொல்லிக்காட்டுவாள்.

தேவநாதனுக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறை இருந்தது. முக்கியமாக ஃப்யூஸ் கட்டை, கொஞ்சம் ஜாடி. மண்ணை அச்சில் அழுத்தும் மெஷின் உடைந்து கிடந்தது. புது மெஷின் வந்தால்தான் திருச்சி மொத்த வியாபாரிக்குப் பொங்கலுக்குள் சரக்கு போகும். மெஷினுக்குப் பணம் வேண்டும். அதற்குத்தான் கார் போகிறது. கார் அவருடையதும் அல்ல. கடலூரில் வக்கீலாக இருந்த மாமனார், கண் பார்வை மங்கிய பிறகு மகள் பேருக்கே மாற்றிக் கொடுத்த ஃபியட். ஆர்.சி. புத்தகத்தில் அம்புஜவல்லி என்றுதான் இருந்தது.

அவள் தன் ஏற்பாட்டைச் சொன்னாள். ராஜாங்கத்துக்கும் கடைத்தெரு பாங்கியில்தான் கணக்கு. தனக்கும் அங்கேதான். எல்லோரும் பாங்கிக்குப் போகட்டும். அவர் பணத்தை எடுத்து அங்கேயே அவள் கணக்கில் கட்டட்டும். கட்டின சீட்டு கையில் வந்த பிறகு பெயர் மாற்றும் தாளில் கையெழுத்து, அப்புறம் சாவி.

"வீட்டுக்கு வர்ற மனுஷனைப் பாத்து, வாய்யா பாங்கிக்குன்னு சொல்லச் சொல்றியா? என்ன நெனைப்பார்?"

"என்ன வேணா நெனைச்சுக்கட்டும். செக்குக்கு வண்டி கிடையாது."

தேவநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பி விருத்தகிரியைப் பார்த்தார். பட்டறையில் ஆட்களையும் வேலையையும் பார்த்துக்கொள்வது விருத்தகிரிதான். இந்த ராஜாங்கத்தைத் தேடிப் பிடித்து வந்ததும் அவன்தான். வழக்கமாக அண்ணிக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஏதாவது சிரிக்கச் சொல்லி இரண்டு பேரையும் ஆற்றிவிடுகிறவன், அன்றைக்கு இட்லியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பாங்கிக்கெல்லாம் எதற்கு அண்ணி, இங்கே நம் ஜில்லா மங்களூர்ப் பக்கம் அவர் பேரைச் சொன்னால் போதும், எண்ணெய் செக்கு இரண்டு ஓடுகிறது என்று மட்டும் முனகினான். அப்படியானால் பாங்கியில் பணம் கட்டுவது அவருக்குக் கஷ்டமாக இருக்காதே என்று அவள் சொன்னதும் எழுந்து கை கழுவப் போனான்.

ராஜாங்கம் சொன்னபடி வரவில்லை. பத்தரை மணிக்கு வந்தார். கூட ஒரு டிரைவர், கையில் சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். நாள் நன்றாக இருக்கிறதென்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். மங்களூரில் மனைவி ஆரத்தித் தட்டோடு காத்திருப்பதாகவும் சொன்னார். டிரைவர் வண்டியைச் சுற்றி வந்து டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தான். குனிந்து அடியில் பார்த்தான். எஞ்சின் மூன்றாம் தடவைதான் பிடித்தது. தேவநாதன் அதற்காக ராஜாங்கத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

ராஜாங்கம் சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். தேவநாதன் மனைவியைப் பார்த்துவிட்டு, உடனே தென்னை மரத்தைப் பார்த்தார். அவர் சொல்லப் போவதில்லை என்று அம்புஜவல்லிக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியதை எல்லாம் இந்த வீட்டில் அவள்தான் சொல்ல வேண்டும், கெட்ட பேரும் அவளுக்குத்தான்.

அவள் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ராஜாங்கத்தின் முகம் சுருங்கியது. "எங்க பக்கம் எங்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா" என்றார். பிறகு, பெண்பிள்ளை பேரில் உள்ள வண்டி, கேட்பது நியாயம்தான் என்று அவரே சமாதானமானார். பாங்கி பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும், கிளம்பலாம் என்றார்.

எல்லோரும் அதே காரில் ஏறினார்கள். தேவநாதன் ஓட்டினார். வழியெல்லாம் அவர் கண்ணாடியில் அம்புஜவல்லியை முறைப்பதும், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதுமாக இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சேலம் பக்கத்திலிருந்து வந்த சரக்கு ரயில் ஒன்று போவதா நிற்பதா என்று தீர்மானிக்காமல் தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ராஜாங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விருத்தகிரி கதவைத் திறந்து இறங்கினான். பட்டறையில் சனிக்கிழமைக் கூலி கொடுக்க வேண்டும், ஆட்கள் காத்திருப்பார்கள், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

பாங்கிக்குள் நுழையும்போது மணி பதினொன்றே முக்கால். பியூன் ஒரு பக்கத்து இரும்புக் கதவை ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தான். ராஜாங்கம் மேஜையில் சாய்ந்து, தன் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் செக் எழுத ஆரம்பித்தார். அம்புஜவல்லி பக்கத்தில் நின்று, கணக்கில் கட்டும் சீட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். யதேச்சையாகத்தான் அவர் எழுதியதைப் பார்த்தாள். ஏழாயிரம் என்று இருந்தது.

"ஒன்பதாயிரம்னு பேச்சு" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டாயிரம் போன ஞாயித்துக்கிழமயே குடுத்துட்டனே."

"யார்கிட்ட?"

"ஒங்க கொழுந்தனார் கையிலதான். அட்வான்ஸ் வேணும், இல்லாட்டி வேற ஆளு கொத்திக்கிட்டுப் போயிடுவான்னு சொன்னாரு. கடைத்தெரு டீக்கடையில வச்சுக் குடுத்தன்."

 தம்பி தன்னிடம் சொல்லவில்லை என்று தேவநாதன் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

ரசீது ஏதாவது வாங்கினாரா என்று அம்புஜவல்லி கேட்டாள். ராஜாங்கம் கூச்சத்தோடு இல்லையென்று தலையசைத்தார். "வூட்டு மனுசன்கிட்ட ரசீது கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துதும்மா."

தன் கணவரே எதிரில் நின்று பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு. ஊர் ஊராக இதே மனிதர்கள்தான் இருக்கிறார்கள்போலும்.

"அப்ப நான் பொய் சொல்றன்னு நெனைக்கிறீங்களா?" ராஜாங்கத்தின் குரல் உயர்ந்தது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க குடுக்கலைன்னு நான் சொல்லலைங்க. என் கைக்கு வரலைன்னு சொல்றேன்."

தேவநாதன் அவளை ஓரமாக அழைத்துப் போய்க் கெஞ்சினார். ஏழாயிரத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடலாம், இரண்டாயிரத்தை வீட்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பார்ப்பதோடு சரி.

அவளுக்கு இரண்டு வழி தெரிந்தது. இந்த ஏழாயிரத்தைக் கணக்கில் கட்டச் சொல்லிவிட்டு, கொழுந்தனிடம் விசாரித்த பிறகு சாவி தருவதாகச் சொல்லலாம். ஆனால் ஒருத்தருடைய பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் வைத்துக்கொள்வது, சேலத்துக்காரர் செய்ததற்கு எந்த விதத்தில் குறைச்சல்? அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ராஜாங்கத்திடம் வந்தாள். அவர் பணம் அவர் கணக்கிலேயே இருக்கட்டும், வண்டி தன் வீட்டில் இருக்கட்டும், கொழுந்தனை நேரில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை பாங்கி திறந்ததும் முடித்துக்கொள்ளலாம் என்றாள்.

ராஜாங்கம் எழுதிய செக்கைக் கிழித்தார். நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாடிப்போயிருந்த மாலையை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். போயிட்டு வரேன் என்று அவர் சொல்லவில்லை.

இருவரும் காரில் தொழிற்பேட்டைக்குப் போனார்கள். தம்பி வாங்கியிருக்க மாட்டான் என்று தேவநாதன் ஒரு தடவை சொன்னார். கொஞ்ச தூரம் போனதும், வாங்கியிருந்தாலும் காரணம் இருக்கும் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

பட்டறையில் விருத்தகிரி கூலி கொடுத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் வெள்ளை மண் காய்ந்திருந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். கேட்க வந்ததை அவர்கள் எதிரில் கேட்க முடியாது. அம்புஜவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, காய வைத்திருந்த ஃப்யூஸ் கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவசரத்தில் ஓடி வந்த அவளுக்கு அந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருந்தது. ஒவ்வொருத்தியும் வாங்கின பணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீரம்மாள் என்பவள் அரை நாள் கூலி குறைகிறதென்று சண்டை போட்டாள். விருத்தகிரி பொறுமையாக விளக்கிச் சொல்லி அனுப்பினான். கடைசி ஆளும் போனதும் காலிப் பையை மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

பிறகுதான் அவர்களைப் பார்த்தான். பாங்கியில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாங்கினேன் அண்ணி" என்றான்.

"எங்க பணம்?"

"எதிர் வரிசையில ஒரு ஷெட்டு காலியா இருக்குது. தனியா தொழில் பண்ணலாம்னு அதுக்கு முன்பணமா கட்டிட்டேன்."

தேவநாதன் அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்தார். அம்புஜவல்லி மேஜைக்கு எதிரில் போய் நின்றாள். தன் வண்டியின் மேல் பணம் வாங்க அவனுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டாள். பாங்கியில் ஒரு வெளி ஆளிடம் தலை குனிந்து நின்றதைச் சொன்னாள். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டோமா என்றும் கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அவன் பதில் சொன்னான்.

"கேட்டேன் அண்ணி. அண்ணன்கிட்ட கேட்டேன். பொங்கலுக்கு அப்புறம்னு சொன்னாரு. போன பொங்கலுக்கு முன்னாடியும் அதேதான் சொன்னாரு."

தேவநாதன் பலகையில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினார். விருத்தகிரி அண்ணியைப் பார்த்தே மேலே சொன்னான்.

"காலையில நீங்க சொன்னது சரிதான். பணம் கைக்கு வந்தப்புறம்தான் சாவின்னு சொன்னீங்க. எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சு. படிப்ப வுட்டுட்டு இங்க வந்த நாள்லேர்ந்து ஒத்தக் காசு கைக்கு வராமலே எல்லாத்தையும் குடுத்துட்டேன். சனிக்கிழமையானா இத்தனை பேருக்குக் கூலி குடுக்கறேன். என் கூலி எவ்வளவுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. சாப்பாடு போட்டாள். தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மாசம் இவ்வளவு என்று யாரும் நிர்ணயித்ததாக அவளுக்கு நினைவில்லை. சேலத்துக்காரர் மோசம் செய்தார் என்று ஒரு வருஷமாக வயிறெரிந்த வீட்டில், இதை யாரும் மோசம் என்று நினைக்கவே இல்லை.

ஆனாலும் அவள் கோபம் தீரவில்லை. அவன் சொன்னது நியாயம் என்பதாலேயே கூடக் கொஞ்சம் ஏறியது. "உங்க அண்ணன்கிட்ட சண்டை போட்டிருக்கணும். என்கிட்ட வந்திருக்கணும். என் காரை எதுக்குத் தொட்டே?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ராஜாங்கம் திரும்பி வந்தார். டிரைவர் கூட இல்லை, தனியாக வந்தார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசினார். நெய்வேலிக்குப் போய் ஓர் இன்ஜினீயரின் காரைப் பார்த்துவிட்டு வருகிறாராம். இதே ஃபியட்தான், இதைவிட இரண்டு வருஷம் புதுசு, விலையும் கொஞ்சம்தான் கூட. அந்த இன்ஜினீயர் செக்கும் வாங்கிக்கொள்கிறாராம். அதனால் தன் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அம்புஜவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கார் விற்காது, மெஷின் வராது, அதற்கு மேல் தாங்கள் தொடாத பணத்துக்கு இரண்டாயிரம் கடன். அதுவும் சீட்டு இல்லாத கடன். கொழுந்தன் வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராஜாங்கத்தால் எதுவும் செய்ய முடியாது. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. விருத்தகிரி வந்தவன் ராஜாங்கத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

தேவநாதன் எழுந்தார்.

"ராஜாங்கம், என் தம்பி கையில குடுத்தது என் கையில குடுத்ததுதான். அந்த ரெண்டாயிரம் வந்து சேந்துடுச்சு. திங்கக்கிழமை பாங்கியில மீதியைக் கட்டுங்க, வண்டி உங்களுது. நெய்வேலி வண்டிதான் வேணும்னா, அட்வான்ஸை நான் திருப்பித் தரேன்."

"எப்பத் தருவீங்க?"

"அதே திங்கக்கிழமை."

ராஜாங்கம் அவரையும் படியில் நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் கலந்துகொண்டு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாங்கிக்கு வருவதாகச் சொன்னார். பணம் கட்டவா, வாங்கவா என்று சொல்லவில்லை. விருத்தகிரி ஒதுங்கி வழிவிட்டான்.

அவர் போனதும் அம்புஜவல்லி கணவரிடம் கேட்டாள். "ரெண்டாயிரம் எங்க இருக்குது?"

"இல்ல."

"இல்லாத பணத்தைத் திங்கக்கிழமை எப்படிக் குடுப்பீங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். சொல்லவில்லை. தெரியாது என்றார். அவரிடமிருந்து அந்தப் பதிலை அவள் அதுவரை கேட்டதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தாள். விருத்தகிரி வருவானா என்று சந்தேகமாக இருந்தது. வந்து உட்கார்ந்தான்.  தம்பிக்கு முன்னால் உப்பை நகர்த்தி வைத்ததோடு தேவநாதன் நிறுத்திக்கொண்டார்.

மோர் ஊற்றும்போது அம்புஜவல்லி கேட்டாள். "அந்த ஷெட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்து ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"அப்ப முன்பணம் திரும்பி வருமா?"

"கையெழுத்துப் போடாட்டி வரும்."

"எப்ப போடணும்?"

விருத்தகிரி சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"திங்கக்கிழமை. பத்து மணிக்கு" என்றான்.

போடாதே என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. போடு என்று சொல்லவும் ஒரு மனசு இருந்தது. இரண்டையும் சொல்லாமல் கையிலிருந்த மோரை அவன் தட்டில் ஊற்றினாள். போதும் என்று அவன் கை காட்டவில்லை. சோற்றைத் தாண்டி மோர் தட்டின் விளிம்புவரை ஏறிய பிறகுதான் இருவரும் கவனித்தார்கள்.